பாடி முடித்த பிள்ளையிடம் என்ன கேட்பது?

மைசூரில் நவராத்திரி தொடங்கிவிட்டால் பாட்டு கற்கும் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடையாது. அக்ரஹாரம் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் பொம்பே ஹப்பத்துக்கு, அதாவது கொலுவுக்கு, படி கட்டியிருப்பார்கள். போகிற வீட்டிலெல்லாம் “ஒரு பாட்டு பாடும்மா” என்பார்கள். பாடி முடித்ததும் “சென்னாகித்து” என்று கன்னடத்தில் ஒரு குரல், “நன்னா பாடினே” என்று தமிழில் ஒரு குரல். பொம்பே பாகினமாகத் தரும் தின்பண்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயமில்லாமல் பாடிப் பழக இதைவிட நல்ல மேடை கிடையாது. ஆனால் இதே பிள்ளை சில மாதம் கழித்து ஒரு போட்டியில் பாடிவிட்டு இறங்கும்போதும் அதற்குக் கிடைப்பது வெறும் தீர்ப்புதான். நன்றாக இருந்தது, நன்றாக இல்லை, முதல் பரிசு, ஆறுதல் பரிசு. தான் என்ன பாடினோம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? அதை யாராவது அதனிடம் கேட்டார்களா?

பாடியதைத் திரும்பிப் பார்க்கப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது இசைக் கல்வியில் தனிக் கேள்வி. உலகின் பல மூலைகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நம் ஊரில் இதற்குத் தனிப் பாடம் இல்லை. ஆனால் இதற்கு வேண்டிய கருவிகள் நம் முறைக்குள் பல காலமாகவே இருக்கின்றன என்பதும், அவற்றின் இடத்தை இன்று பிறர் தீர்ப்பு பிடித்துக்கொண்டுவிட்டது என்பதும் என் எண்ணம். பாடியவரே முதலில் சொல்ல வேண்டும், ஆசிரியர் கடைசியில் சொல்ல வேண்டும். இந்த வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தன் பாட்டைத் தானே கேட்கும் காதுக்குச் சான்று தேட மைசூர் பொருத்தமான ஊர். திருமகூடலு நரசிபுரம் பக்கத்தில் 1895-இல் பிறந்த வயலின் வித்வான் சௌடையா இங்கே பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் கற்றார். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கூட்டம் நிறைந்த இடத்தில் வயலினின் நாதம் பின்வரிசை வரை எட்டவில்லை என்பது அவரை உறுத்தியது. மூன்று தந்திகளைக் கூட்டி, 1927 வாக்கில் ஏழு தந்தி வயலினை மேடைக்குக் கொண்டுவந்தார். இதைப் புதிய வாத்தியம் கண்டுபிடித்த கதையாகவே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவர், தன் வாசிப்பைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் காதால் கேட்டிருக்கிறார். யாரும் மதிப்பெண் போடவில்லை. கேட்டதில் ஒரு குறையைக் கண்டார், அது விரலின் குறையா வாத்தியத்தின் குறையா என்று பிரித்துப் பார்த்தார், பிறகு ஒன்றைச் செய்தார். பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தர விரும்பும் திறமை இதுதான்.

பாடகரும் வாக்கேயக்காரருமான மைசூர் வாசுதேவாசாரியார் (1865–1961) இன்னொரு சான்று. மகாராஜா பத்தாம் சாமராஜ உடையாரின் ஆதரவில் திருவையாற்றுக்குப் போய்ப் பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் கற்றவர். பிற்காலத்தில் கன்னடத்தில் ‘நா கண்ட கலாவிதரு’ என்று தான் கண்ட வித்வான்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஒருவருடைய பாட்டைப் பல பத்தாண்டுகள் கழித்தும் நினைவிலிருந்து எடுத்து விவரிக்கிற காது எங்கிருந்து வந்தது? குருகுலத்தில் குரு ஒரு சங்கதியைப் பாடுவார், சிஷ்யன் திருப்பிப் பாடுவான். சரியில்லை என்றால் குரு காரணம் சொல்லமாட்டார். அதே சங்கதியை இன்னொரு முறை பாடுவார். தன் குரலுக்கும் குருவின் குரலுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை சிஷ்யன் தானே கண்டுபிடிக்க வேண்டும். குருவுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டிய நாட்களும் கேட்கும் பயிற்சிதான்.

ஆனால் குருகுலத்தை நான் கோயிலாக்க விரும்பவில்லை. வித்தியாசத்தைத் தானே பிடித்துக்கொண்டவர்கள் வித்வான்கள் ஆனார்கள், அவர்கள் பெயர் நமக்குத் தெரியும். பிடிக்கத் தெரியாதவர்கள் ஊர் திரும்பினார்கள், அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. வாரத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு முக்கால் மணி என்று கற்கும் இன்றைய பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் குரு வீட்டில் கிடக்கும் வாய்ப்பு இல்லை. அன்று தானாக நிகழ்ந்ததை இன்று யோசித்துத்தான் செய்தாக வேண்டும்.

பாடமுறைக்குள்ளேயே சில கண்ணாடிகள் பதிந்திருக்கின்றன. சரளி வரிசையை மூன்று காலத்தில் பாட வைப்பதை வேகப் பயிற்சி என்றே பல பெற்றோர் நினைக்கிறார்கள். மூன்றாம் காலத்தில் ஒரு ஸ்வரம் தடுக்கினால் முதல் காலத்திலேயே அது உறுதியாக நிற்கவில்லை என்று பொருள். வெளியிலிருந்து யாரும் சொல்லாமலே தவறு தன்னைக் காட்டிக்கொடுக்கும். பாடுகிறவரே தாளம் போடுவதும் அப்படித்தான். காலப்பிரமாணம் ஓடினால் கை முதலில் அறியும். சுருதிப் பெட்டியும் தம்புராவும் ஓயாமல் ஒலிப்பது, தன் ஷட்ஜம் எங்கே நிற்கிறது என்று நொடிக்கு நொடி ஒப்பிட்டுப் பார்க்க. பெங்களூரின் ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கிய பிறகு அந்த வசதி நடுத்தர வீடுகளுக்கும் வந்தது. இன்று அது கைபேசிக்குள் இருக்கிறது. இத்தனையும் இருந்தும், “சுருதியோடு சேர்ந்து பாடு” என்று சொல்லும் அளவுக்கு, “இப்போது சேர்ந்ததா, நீயே சொல்” என்று நாம் கேட்பதில்லை.

வெளியுலக ஆய்வுகள் இந்த இடத்தில் உதவுகின்றன. ஆஸ்திரேலியாவில் மெக்ஃபர்சனும் ரென்விக்கும் வாத்தியம் கற்கத் தொடங்கிய ஏழு சிறுபிள்ளைகளின் வீட்டுப் பயிற்சியை வீடியோவில் பதிவுசெய்து பார்த்தார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பிள்ளைகள் பெரும்பாலான நேரம் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக்கொண்டே போனார்கள். தவறிய இடத்தில் நின்று சரிசெய்வது அபூர்வம். நம் வீடுகளிலும் இதே கதைதான். ‘நின்னுகோரி’ வர்ணத்தை நாலு முறை முழுதாகப் பாடிவிட்டு “சாதகம் முடிஞ்சுது” என்று எழுந்திருக்கும் பிள்ளையை எந்தப் பாட்டு டீச்சரும் அறிவார்.

வளர்ந்த மாணவர்களிடம் டியூக்கும் அவருடைய சகாக்களும் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. பியானோ நன்றாக வாசிக்கத் தெரிந்த 17 மாணவர்களுக்கு ஷோஸ்டகோவிச்சின் சின்னஞ்சிறு பகுதி ஒன்றைக் கொடுத்து, போதும் என்று தோன்றும் வரை பழகச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்க வைத்துத் தரம் பிரித்தார்கள். யார் அதிக நேரம் பழகினார், எத்தனை முறை வாசித்தார் என்பதற்கும் மறுநாள் தரத்துக்கும் தொடர்பு இல்லை. மேலே வந்தவர்களும் தவறு செய்தவர்களே. ஆனால் தவறு எந்த இடத்தில் நேர்கிறது என்று உடனே பிடித்து, அதை மட்டும் பிரித்தெடுத்து, நிதானமாக வாசித்து, சரியான பிறகே மேலே போனார்கள். சாதகத்தின் அளவைப் பற்றி நாம் பேசும் பேச்சில் பாதியையாவது சாதகத்தின்போது காது விழித்திருந்ததா என்பதற்குச் செலவிட வேண்டும்.

ஆசிரியர் சொல்லும் கருத்தைப் பற்றியும் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1996-இல் க்ளூகரும் டெநிசியும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருத்துச் சொன்னதால் திறமை குறைந்த சந்தர்ப்பங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தன. கவனம் வேலையிலிருந்து விலகி ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதன் பக்கம் திரும்பும்போது இது நடக்கிறது என்பது அவர்கள் விளக்கம். ஹாட்டியும் டிம்பர்லியும் 2007-இல் எழுதிய ஆய்வுரையும், ஆளைப் புகழ்வது கற்றலுக்கு மிகக் குறைவாகவே உதவுகிறது என்றது. “உனக்குக் குரல் வரம்” என்ற வார்த்தை பிள்ளைக்கு இனிக்கும். அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை அது எதைப் பாடிப் பழகும்? “சரணத்தில் மேல் ஷட்ஜத்தை எட்டிப் பிடிக்காமல் அழகாய்ப் போய்ச் சேர்ந்தாய்” என்றால் அதைத் திரும்பச் செய்ய முடியும்.

இந்தத் துறையில் நடந்த பெரிய முயற்சிகளில் ஒன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகளில் 1986 முதல் நடந்த ‘ஆர்ட்ஸ் ப்ரோபெல்’ திட்டம். ஹார்வர்டின் ‘ப்ராஜெக்ட் ஸீரோ’ குழு அதில் பங்குகொண்டது. குழுவாக வாசிக்கும் மாணவர்கள் ஒத்திகையின் ஒரு பகுதியை வாசித்துவிட்டு, முதலில் நினைவிலிருந்து குறிப்பெழுதுவார்கள். பிறகு ஒலிப்பதிவைக் கேட்டு மறுபடி எழுதுவார்கள். தன் பகுதியைப் பற்றி ஒன்று, குழுவின் ஒலியைப் பற்றி ஒன்று. அடுத்து எதைத் திருத்துவது என்றும் எழுத வேண்டும். இதில் என்னைக் கவர்வது நினைவுக் குறிப்புக்கும் பதிவுக் குறிப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. நன்றாகப் பாடினோம் என்று நினைத்த இடம் பதிவில் தொய்ந்து கிடக்கும். சொதப்பிவிட்டோம் என்று கூசிய இடம் யாருக்கும் தெரியாத அளவு சின்னதாக இருக்கும். அந்த இடைவெளி மாதந்தோறும் சுருங்குவதே காது வளர்வதற்கு அடையாளம்.

ஒலிப்பதிவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலஸ்வாமி 1935-இல் மைசூரில் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். ஆகாசவாணி என்ற பெயர் அங்கிருந்து வந்தது. எதிரே சபை இல்லாமல் பாடவேண்டிய நிலை வானொலியோடு வந்தது. தலையாட்டும் ரசிகர் இல்லை, கைதட்டல் இல்லை. பாடகருக்குத் தன் காதே துணை. அதன் பிறகு டேப் வந்தது, இப்போது கைபேசி. ஒவ்வொரு பிள்ளையின் பாட்டும் பதிவாகிறது. ஆனால் பெரும்பாலும் தாத்தா பாட்டிக்கு அனுப்பவும் ஸ்டேட்டஸில் போடவும்தான்.

பதிவைக் கேட்க வைக்கும்போது ஆசிரியர் முன்கூட்டியே சொல்லவேண்டியது ஒன்று உண்டு. நம் குரல் நமக்குக் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பின் வழியாகவும் கேட்கிறது. அதனால் கனமாகத் தெரிகிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. ஹோல்ஸ்மனும் ரௌஸியும் 1966-இலேயே, தன் குரலைப் பதிவில் கேட்பவர் அடையும் சங்கடத்தை ஆராய்ந்து எழுதினார்கள். “என் குரல் இப்படி இல்லை” என்று பத்து வயதுப் பெண் அழுதால் அது செல்லம் அல்ல. எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும், சில முறை கேட்டால் பழகிவிடும் என்று சொல்லி வைத்துவிட்டால் அவள் குரலை விட்டுப் பாட்டைக் கேட்கத் தொடங்குவாள். வீணை கற்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்களுடைய நாதம் உடம்புக்கு வெளியே பிறக்கிறது.

வீடியோவைவிட ஒலி மட்டும் உள்ள பதிவே முதலில் வேண்டும் என்பேன். சியா-ஜங் த்ஸாய் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் போட்டிகளில் வென்றவரை, ஒலியில்லாத வீடியோவை மட்டும் பார்த்தவர்கள் ஒலியை மட்டும் கேட்டவர்களைவிடச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். தேர்ந்த இசைக்கலைஞர்களும் அப்படியே. நடுவர்களின் முடிவில் கண்ணுக்கு அவ்வளவு பங்கு இருக்கிறது. பிள்ளையின் கையில் வீடியோவைக் கொடுத்தால் பட்டுப்பாவாடையையும் முகம் கோணியதையும்தான் அது பார்க்கும். மேடையில் உட்காரும் விதம், வாயைக் கோணுவது, பக்கவாத்தியக்காரரைப் பார்க்காமலே பாடுவது ஆகியவற்றுக்கு வீடியோ தேவைதான். அது இன்னொரு நாள் வேலை.

இணையவழி வகுப்பு இதில் எதிர்பாராத ஒரு கதவைத் திறந்திருக்கிறது. மைசூரிலும் சென்னையிலும் இருக்கும் ஆசிரியர்களிடம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கற்கிறார்கள். 1978 முதல் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையின் போட்டிகளுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளிலும் இப்படிக் கற்பவர்கள் உண்டு. இணையத்தில் குரல் தாமதித்துப் போவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தாளம் போட்டுப் பாட முடியாது. எனவே பாடத்தைப் பாடிப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். பிள்ளை ஒருமுறை பாடும், கேட்கும், பிடிக்காது, அழிக்கும், மறுபடி பாடும். திருப்தியான ஒன்றை அனுப்பும். ஆசிரியர் கேட்பது அந்தக் கடைசிப் பதிவை மட்டும். உண்மையான கற்றல் நடந்ததோ அழித்த பதிவுகளில். ஏன் அதை வேண்டாம் என்றாய், எந்த நொடியில் முடிவு செய்தாய் என்று கேட்டால் அந்தப் பிள்ளையின் காது எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அனுப்பும் பதிவோடு, தள்ளிவிட்ட பதிவு ஒன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்வது எந்த ஆசிரியருக்கும் இயலக்கூடிய காரியம். சில பிள்ளைகள் நல்லதை அழித்துவிட்டு மோசமானதை அனுப்பியிருப்பார்கள். அதுவும் தெரிய வேண்டிய செய்திதானே?

இனி, கேள்வியை எப்படிக் கேட்பது? “எப்படிப் பாடினே?” என்றால் “ஓகே” என்றுதான் பதில் வரும். காதால் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். ‘ப்ரோசேவாரெவருரா’ பாடி முடித்த பிள்ளையிடம், “பல்லவியின் சங்கதிகளில் எது உனக்கு மிக வசமாக வந்தது?” என்று கேட்கலாம். பிறகு, “எந்த இடத்தில் மூச்சுக்குத் திணறினாய்?” “தொடங்கிய காலப்பிரமாணமும் முடித்த காலப்பிரமாணமும் ஒன்றா? கையில் தாளம் போட்டுப் பார்த்துச் சொல்.” இப்படி ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, கூடினால் இரண்டு. நன்றாக வந்த இடத்தை முதலில் கேட்பது மனம் குளிர்விக்க மட்டும் அல்ல. வசமாக வந்த ஒன்று எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் தடுமாறும் இடத்துக்கு அதைக் கொண்டுபோக முடியும்.

பதில் சொல்லச் சொற்களும் வேண்டும். சுருதி விலகல், கமகம் பிடிபடாதது, காலம் ஓடுவது, எடுப்பைத் தவறவிடுவது, சாகித்யத்தை மென்று விழுங்குவது என்று பாட்டுக்காரர்கள் பேசும் பேச்சு நமக்கு வளமாகவே இருக்கிறது. கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் விகடனில் எழுதிய விமர்சனங்களும் சுப்புடுவின் கட்டுரைகளும் பெரியவர்களுக்கு அந்தப் பேச்சைப் பழக்கின. பிள்ளைகளுக்கு அதை வகுப்பில்தான் பழக்க வேண்டும். கூட்டு வகுப்பு இதற்கு ஏற்றது. ஒரு பிள்ளை பாடும்போது இன்னொன்று தாளத்தை மட்டும் கவனிக்கட்டும், மற்றொன்று சுருதியை மட்டும். பிறர் பாட்டில் குறை கண்டுபிடிப்பது சுலபம். அங்கே பழகிய காது மெல்லத் தன் பக்கம் திரும்பும். ஏளனம் மட்டும் நுழையாமல் ஆசிரியர் காவல் இருக்க வேண்டும்.

மனோதர்மம் தொடங்கும் வயதில் பிரச்சினை உருவம் மாறுகிறது. கிருதியில் பாடாந்தரம் இருக்கிறது, விலகினால் சுட்டிக்காட்டலாம். கல்பனாஸ்வரம் எடுப்புக்கு வந்து சேரவில்லை என்றால் அதுவும் வெளிப்படை. ஆனால் பதினான்கு வயதுப் பையன் கமாஸில் பாடிய ஆலாபனையை எதனோடு ஒப்பிடுவது? குருவின் பதிவோடு ஒப்பிட்டால் அவன் நகலெடுப்பவன் ஆகிவிடுவான். இங்கே கேட்கவேண்டிய கேள்வி, “என்ன செய்ய நினைத்தாய்?” என்பதுதான். நிஷாதத்தில் நின்று ஒரு பிடியை வளர்க்க நினைத்தான், பாதியில் பயந்து இறங்கிவிட்டான் என்றால், அந்தப் பயத்தைப் பற்றிப் பேசலாம். எதையும் நினைக்காமல் வாய்க்கு வந்ததைப் பாடினான் என்றால் அதைப் பற்றிப் பேச வேண்டியது தனி. டொனால்ட் ஷோன் 1983-இல் எழுதிய நூலில், வேலை முடிந்த பின் யோசிப்பதையும் வேலை நடக்கும்போதே யோசிப்பதையும் பிரித்துக் காட்டினார். நம் சங்கீதத்தில் நிரவல் பாடுகிறவர் இரண்டாவதைச் செய்தே ஆக வேண்டும். முதலாவதில் பல ஆண்டுகள் பழகியவருக்கே இரண்டாவது கைவரும் என்று நம்புகிறேன்.

எட்டு வயதுப் பிள்ளையை இந்த அளவுக்குப் போட்டுப் படுத்தக் கூடாது. அந்த வயதில் ஒரு வரியைப் பதிவில் கேட்டு, “சேர்ந்ததா, சேரலையா” என்று சொன்னால் போதும். பெரிய பிள்ளைகளிடமும் எல்லாப் பாட்டையும் அறுத்துப் பார்க்க வேண்டாம். ராமநவமியில் பாடியதும் வீட்டுக் கொலுவில் பாடியதும் சந்தோஷமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். மேடைப் பயம் உள்ள பிள்ளைகள் தங்கள் தவறுகளை ஏற்கெனவே மனதில் ஓயாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இன்னும் அதிகமாக யோசிக்கச் சொல்வது மருந்தாகாது. எழுதி முடித்து நோட்டை மூடிவைப்பது உதவும்.

நேரமும் முக்கியம். மேடையை விட்டு இறங்கிய பிள்ளைக்கு முதலில் வேண்டியது தண்ணீரும் சாப்பாடும். ஸ்கூட்டரில் திரும்பும்போது “இரண்டாவது பாட்டுல என்ன ஆச்சு?” என்று தொடங்கும் அம்மா அப்பாக்களிடம், அடுத்த வகுப்பு வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெற்றோரின் அக்கறையில் குறையில்லை. அவர்கள் முந்திக்கொண்டால் பிள்ளை தன் நினைவை விட்டு அவர்கள் நினைவைப் பிடித்துக்கொள்ளும் என்பதே சிக்கல்.

கர்நாடகத்தில் ஜூனியர், சீனியர், வித்வத் என்று தேர்வுகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான வீடுகளில் பாட்டு வகுப்பின் வேகத்தை அவையே தீர்மானிக்கின்றன. பாடிக் காட்டும் தேர்வின் முடிவில் தேர்வாளர் இரண்டு நிமிடம் ஒதுக்கி, “இன்று பாடியதில் எந்த இடத்தை மறுபடி பாட விரும்புகிறாய், ஏன்?” என்று கேட்டுப் பாடவும் விடலாம். இடத்தைச் சரியாகக் கண்டவருக்கு, இரண்டாம் முறையும் சரியாக வராவிட்டால்கூட, மதிப்பெண் கொடுக்கலாம். தேர்வில் ஒரு கேள்வி இருந்தால் வகுப்பில் அதற்குப் பயிற்சி தானாக வந்துவிடும். இளைஞர்களுக்கு மேடை தரும் சபாக்களும் ஒன்று செய்யலாம். சான்றிதழோடும் சால்வையோடும் அன்றைய ஒலிப்பதிவையும் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து ஒரு காலை வேளையில் பாடிய பிள்ளைகளையும் மூத்த வித்வான் ஒருவரையும் கூட்டலாம். பிள்ளைகள் தங்கள் பதிவில் ஐந்து நிமிடப் பகுதியைத் தாங்களே தேர்ந்தெடுத்துப் போட்டுக் காட்டிப் பேசட்டும். வித்வான் அதன் பிறகு பேசட்டும்.